ஆய்வகம் இல்லாத நாற்காலி

சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் மதுரவாயலைக் கடந்துதான் போகிறார்கள். மேம்பாலமும் லாரி நெரிசலும் வருவதற்கு வெகு முன்பு, அங்கே சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு ஒரு கள ஆய்வகம் இருந்தது. 1970 நவம்பரில், 73 வயதில், அந்த மையத்தில் வேலைக்கு வந்து சேர்ந்தார் ஒரு செல்லியல் அறிஞர். பெயர் ஜானகி அம்மாள். மற்றவர்கள் ஓய்வூதியம் வாங்கிப் பேரன் பேத்திகளைக் கொஞ்சும் வயதில், மூலிகைச் செடிகளோடும் நுண்ணோக்கியோடும் அவர் மதுரவாயலில் குடியேறினார். 1984 பிப்ரவரியில் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார்.

அவர் கடந்து வந்த பதவிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்தும். 1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1931-ல் முனைவரானார். 1932-ல் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஈராண்டில் அதை விட்டார். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் ஐந்தாண்டு. பிறகு லண்டன் ஜான் இன்னிஸ், விஸ்லி தோட்டம். 1945-ல் சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார். நேரு அழைத்து 1951-ல் நாடு திரும்பியவருக்கு அடுத்தடுத்து அரசுத் துறைப் பொறுப்புகள். கடைசியில்தான் மதுரவாயல்.

கற்பிக்க ஓர் இடம், ஆராய இன்னோர் இடம் என்று அவர் வாழ்க்கை ஊர் ஊராகச் சிதறியது. கோவையில் அவர் பட்ட சிரமங்களுக்குச் சாதியும், தனித்து வாழ்ந்த பெண் என்பதும் காரணமாயின என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதோடு இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். வகுப்பறையும் ஆய்வகமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பல்கலைக்கழகப் பதவி என்ற ஒன்றை அவருடைய காலத்து இந்தியா அவருக்கு ஒழுங்காக அமைத்துத் தரவில்லை. அது தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய கதை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் இன்று காஞ்சிபுரத்திலிருந்தோ வாலாஜாபாத்திலிருந்தோ கிளம்பி, செல் உயிரியலில் முனைவர் பட்டம் பெற்று, உதவிப் பேராசிரியராகத் திரும்பிவர நினைக்கும் பிள்ளைக்கு நிலைமை எவ்வளவு மாறியிருக்கிறது?

அந்தப் பாதையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இளநிலை மூன்றாண்டு, முதுநிலை ஈராண்டு. நடுவில் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வு. அதில் தேறி ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முனைவர் படிப்புக்கு ஐந்தாறு ஆண்டு. செல் உயிரியலில் அதோடு முடிவதில்லை. செல்லை வளர்க்கவும், ஒளிரும் புரதங்களைக் கொண்டு உள்ளே நடப்பதைப் படம் பிடிக்கவும், அந்தப் படங்களை அளந்து பொருள் சொல்லவும் கை பழக வேண்டும். அதற்காக ‘போஸ்ட் டாக்’ என்ற பெயரில் இன்னும் மூன்று முதல் ஐந்தாண்டு, பெரும்பாலும் வெளிநாட்டில். நிரந்தர வேலைக்கு முதல் விண்ணப்பம் போடும்போது வயது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. கூடப் படித்துவிட்டு ஐ.டி. கம்பெனிக்குப் போனவர் அதற்குள் வீட்டுக் கடனில் பாதியை அடைத்திருப்பார்.

இந்தத் தாமதம் மேதைகளையும் விடவில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவரான பின் உயிரியலுக்குத் தாவியவர். யேல் பல்கலைக்கழகத்தில் ரைபோசோமை ஆராய்ந்துவிட்டு ஆசிரியர் வேலை தேடியபோது அமெரிக்காவில் ஏறத்தாழ 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. தேசிய ஆய்வுக்கூடங்களில் ஒதுங்கி, 1995-ல்தான் யூட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2009-ல் நோபல் பரிசு. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதனும் அடிப்படையில் ஒரு செல் மரபியலாளர்தான். உருளைக்கிழங்கின் குரோமோசோம்களை ஆராய்ந்து கேம்பிரிட்ஜில் முனைவரானவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் தர முன்வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு 1954 தொடக்கத்தில் ஊர் திரும்பினார். அவருடைய துறையில் இங்கே வேலையே இல்லை. சில மாதம் கழித்துக் கட்டாக் நெல் ஆய்வு நிலையத்தில் ஒரு தற்காலிகப் பணி கிடைத்தது. அந்த ஆண்டு கடைசியில்தான் டெல்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் நிலையான இடம்.

அவர்கள் காத்திருந்ததற்கு ஒரு முடிவு இருந்தது. தமிழ்நாட்டில் இன்று காத்திருப்பவர்களுக்கு அதுவும் தெளிவாக இல்லை. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் பணியிடங்கள் 4,000-ஐ நிரப்பப் போவதாக ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 மார்ச்சில் அறிவித்தது. ஆகஸ்ட்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் வந்த புதிய அறிவிக்கையில் எண்ணிக்கை 2,708 ஆகக் குறைந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் வகுப்புகளை ஓட்டுகிறவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களில் நெட், செட் தேறியவர்கள் உண்டு, முனைவர்களும் உண்டு. மாதத் தொகுப்பூதியம் ரூ.25,000. ஆண்டுக்குப் பதினோரு மாதம்தான் கிடைக்கும். முனைவர் பட்டத்துக்குச் சேரும் ஜேஆர்எஃப் மாணவருக்கு 2023 முதல் மாதம் ரூ.37,000 தரப்படுகிறது. அதாவது பட்டத்துக்குப் படிக்கும்போது வாங்கியதைவிட, பட்டத்தை முடித்துவிட்டுப் பாடம் நடத்தும்போது வாங்குவது குறைவு! பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் ரூ.50,000 வரை தரலாம் என்று வழிகாட்டியிருக்கிறது.

பல்கலைக்கழகத் துறைகளின் கதை வேறு விதம். ஆசிரியர் தேர்வுக் குழுவுக்குத் தலைமை தாங்க வேண்டியவர் துணைவேந்தர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பதவி 2023 ஆகஸ்ட்டில் காலியானது. ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையே நடந்த இழுபறியில் ஈராண்டு கடந்தும் நிரம்பவில்லை. தலை இல்லாத பல்கலைக்கழகம் ஆள் எடுக்காது. எடுத்தாலும் யாராவது வழக்குப் போடுவார்கள்.

ஆகவே இடங்களை உடனே நிரப்ப வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. பேசப்படாத பிரச்சினை அதற்கு அடுத்த நாள் தொடங்குகிறது. ஆர்டர் வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகும் செல் உயிரியலாளருக்கு அங்கே என்ன கொடுக்கிறோம்? ஸ்டாஃப் ரூமில் ஒரு நாற்காலி, பாதி மேசை, வாரத்துக்கு 16 மணி நேர வகுப்பு. போதாததற்கு கல்லூரியைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழுவின் வருகைக்கான கோப்பு வேலை, தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி. பத்து ஆண்டாகக் கற்ற கைத்தொழிலைச் செய்ய ஒரு நுண்ணோக்கியும், செல் வளர்க்க ஒரு சுத்தமான அறையும் கேட்டால், ‘புராஜெக்ட் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பார்கள். தறியும் பாவும் கொடுக்காமல் நெசவாளியிடம் கோர்வைச் சேலை கேட்பது போலத்தான் இது. ஆய்வுத் திட்டத்துக்கு டெல்லி நிதி கொடுப்பதற்கு முன், ‘உங்களிடம் அடிப்படைக் கருவிகள் உண்டா?’ என்று கேட்கும். இல்லாததால் நிதி இல்லை. நிதி இல்லாததால் கருவி இல்லை. ஐந்தாண்டு இப்படிப் போனால் ஆய்வாளர் என்ற பழக்கமே அவரை விட்டுப் போய்விடும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகமோ ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களோ ஓர் இளம் உயிரியலாளரை எடுக்கும்போது அவரை ஆய்வுரை ஆற்றச் சொல்கிறார்கள். அடுத்த ஐந்தாண்டு என்ன செய்யப் போகிறார் என்று கரும்பலகையில் விளக்கச் சொல்லிக் குடைகிறார்கள். தேர்வானதும் ஆய்வகம் தொடங்கத் தனி நிதியும் இடமும் தருகிறார்கள். அப்படிப்பட்ட ஐசர் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பது ஆந்திரத்துத் திருப்பதி ஐசர். ஆகவே இங்கே பிறந்து படித்து, போஸ்ட் டாக் முடித்துத் திரும்பும் உயிரியலாளர் எந்தப் பக்கம் பார்ப்பார் என்று ஜோசியம் கேட்கத் தேவையில்லை.

வெளியூர் போவது காஞ்சி அறிஞர்களுக்குப் புதிதா என்றால், இல்லை. காஞ்சியில் பிறந்த தர்மபாலர் நாளந்தாவுக்குப் போய் அங்கே தலைமை ஆசானானதை யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் காலத்தில் கடிகை எனப்பட்ட காஞ்சியின் உயர்கல்விக் கூடத்துக்கும் வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு கதம்ப மன்னனான மயூரசர்மன் அப்படிப் படிக்க வந்தவன்தான். போக்கும் வரத்தும் இருந்தன. அந்தக் கடிகையின் கதவு எல்லாச் சாதியாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறக்க வேண்டியதில்லை. இன்றைய அரசுக் கல்லூரியின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் படிக்கிறார்கள். நல்ல விஞ்ஞானி அங்கே வர வேண்டும் என்று கேட்பதற்கு முதல் காரணமே அதுதான்.

‘காஞ்சிபுரத்தில் செல் உயிரியலுக்கு என்ன வேலை?’ என்று ஒருவர் கேட்கலாம். ஊரின் பெயரைச் சுமக்கும் பட்டே ஒரு செல்லுக்குள்தான் தொடங்குகிறது. பட்டுப்புழுவின் உடலில் நீளமான இரண்டு பட்டுச் சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றின் பின்பகுதியிலும் இருக்கும் சுமார் 500 செல்கள் ஃபைப்ராயின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. நடுப்பகுதியில் செரிசின் என்ற பசை சுரக்கிறது. சாயம் ஏற்றும் முன் பட்டைச் சோப்பு நீரில் வேகவைத்துப் போக்குவது இந்தப் பசையைத்தான். விந்தை என்னவென்றால், முட்டைக்குள் புழு உருவாகும்போதே இந்தச் செல்களின் எண்ணிக்கை முடிவாகிவிடுகிறது. அதன் பிறகு அவை பிரிவதே இல்லை. புழு சுமார் 25 நாளில் பத்தாயிரம் மடங்கு எடை கூடும்போது, இந்தச் செல்களும் பருத்துக்கொண்டே போகின்றன. உள்ளே டி.என்.ஏ. மட்டும் பதினேழு, பதினெட்டுச் சுற்று இரட்டித்து லட்சக்கணக்கான மடங்காகிறது. உட்கரு கிளைவிட்டுப் பரவுகிறது. இத்தனை மரபணுப் பிரதிகளும் சேர்ந்து வேலை செய்வதால்தான் சில நாளில் ஒரு கூட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் நீள இழையைப் புழுவால் சுற்ற முடிகிறது.

குரோமோசோம் தொகுதிகள் இப்படிப் பெருகுவது தாவரங்களில் என்ன செய்கிறது என்பதுதான் ஜானகி அம்மாள் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த கேள்வி. ஆலைக் கரும்பின் மூதாதை இனத்துக்கு 80 குரோமோசோம்கள். அதன் காட்டு உறவான நாணலில் இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை மாறும். கோவையில் அவர் எண்ணியவை இவைதான். பட்டுப்புழுவின் மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை இந்திய அறிவியல் கழகத்தில் கே.பி.கோபிநாதனின் குழு பல ஆண்டு ஆராய்ந்திருக்கிறது. பட்டுப் பரிமாற்றகமும் ஆயிரக்கணக்கான தறிகளும் இருக்கும் காஞ்சிபுரத்தில், பட்டுச் சுரப்பியைப் பிரித்தெடுத்துச் சாயமேற்றி, அந்தக் கிளைவிட்ட உட்கருவைப் பார்க்கும் மாணவிக்குப் பாடப்புத்தகத்தின் செல் படம் வேறு மாதிரி தெரியும்.

நுண்ணோக்கிக்கும் பட்டுக்கும் இடையிலான உறவு 150 ஆண்டுப் பழசு. 1865-ல் தெற்குப் பிரான்ஸில் பெப்ரின் நோயால் பட்டுப்புழுக்கள் மடிந்தபோது, அதுவரை பட்டுப்புழுவைத் தொட்டறியாத பேராசிரியர் ஒருவரை அரசு அனுப்பியது. அவர் லூயி பாஸ்டர். ஐந்தாண்டு உழைத்து அவர் கண்ட வழி எளிமையானது. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நோய்த் துகள் தெரிந்தால் அதன் முட்டைகளை அழித்துவிட வேண்டும். இந்தியாவில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையங்களில் தாய் அந்துப்பூச்சியை இன்றும் இப்படித்தான் சோதிக்கிறார்கள்.

அதிகச் செலவில்லாத ஆய்வும் உண்டு. வெங்காயத்தைத் தண்ணீரில் வேர்விட வைத்து, வேர் நுனியை நசுக்கிச் செல் பிரிவதைப் பார்ப்பது இளநிலை வகுப்பின் வழக்கமான செய்முறை. அதே வெங்காயத்தைச் சாயக் கழிவு கலந்த நீரில் வேர்விட வைத்தால், உடைந்த குரோமோசோம்களையும் தடைபட்ட பிரிவையும் எண்ணி அந்த நீர் செல்லுக்கு எவ்வளவு கேடு என்று அளந்துவிடலாம். 1938-ல் ஸ்வீடனின் ஆல்பர்ட் லெவான் வெங்காய வேரில் செய்த சோதனையிலிருந்து வளர்ந்த முறை இது. மனிதச் செல்லில் இருப்பது 46 குரோமோசோம்கள்தான் என்று 1956-ல் ஜோ ஹின் ஜியோவுடன் சேர்ந்து நிறுவியவரும் அதே லெவான். காஞ்சிபுரத்தின் நடுவே வேகவதி ஓடுகிறது. அதில் சாக்கடையும் சாயமும் கலப்பது ஊரறிந்த விஷயம். மாதந்தோறும் அந்த நீரை எடுத்து வெங்காய வேரில் சோதித்து, பத்தாண்டுப் பதிவேடு ஒன்றை உருவாக்க ஒரு கல்லூரித் துறை போதும். அதற்கு வேண்டியது சில நல்ல நுண்ணோக்கிகளும், எதை எண்ண வேண்டும் என்று தெரிந்த, ஐந்தாண்டுக்காவது இடம் மாறாத ஓர் ஆசிரியரும்தான்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதெல்லாம் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் மதுரையின் பழைய கதையைக் கேட்க வேண்டும். 1966-ல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம், உயிரியல் துறைகளைக் கட்டும்போது வெளிநாட்டில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர்களைத் தேடி அழைத்தது. ஜெர்மனியில் உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்த எம்.கே.சந்திரசேகரன் 1975-ல் அப்படித்தான் வந்தார். வந்தவர் ஜெர்மன் ஆய்வகத்தை மதுரையில் நகலெடுக்க முயலவில்லை. வளாகத்துக்கு அருகிலிருந்த குன்றுகளின் குகையில் வௌவால்கள் இருந்தன. ஒளியே புகாத இருட்டில் அவை நேரத்தை எப்படி அறிகின்றன என்று ஆராய்ந்தார். அவருடைய மாணவர்கள் பலர் பிறகு நாடெங்கும் பேராசிரியர்களானார்கள். அந்தப் பல்கலைக்கழகமே அண்மை ஆண்டுகளில் ஊழியர் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் திண்டாடியது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. ‘கல்லூரி ஆசிரியரின் வேலை பாடம் நடத்துவது, ஆராய்ச்சிக்கு வேறு நிறுவனங்கள் இருக்கின்றன’ என்பது ஒன்று. செல் உயிரியலைப் பொறுத்தவரை இது நிற்காது. பாடம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புரண்டு படுக்கும் துறை இது. நுண்ணோக்கியைத் தொடாத ஆசிரியரிடம் பத்தாண்டுக்கு முந்தைய நோட்ஸ்தான் இருக்கும். இன்னொரு வாதத்தில் நியாயம் அதிகம். ஆய்வுரை, நேர்காணல் என்று மதிப்பெண்ணைப் பிரித்தால் சிபாரிசும் பணமும் உள்ளே நுழையும் என்ற அச்சம். தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வைத் தமிழ்நாட்டுப் பட்டதாரிகள் நம்புவதற்குக் காரணம் அதுதான். 69 சதவீத இடஒதுக்கீட்டின் இனச்சுழற்சி முறைக்கும் அங்கேதான் பாதுகாப்பு. ஆகவே எழுத்துத் தேர்வும் இனச்சுழற்சியும் அப்படியே இருக்கட்டும். அதற்கு மேல் ஒரு செய்முறை வகுப்பையும் ஓர் ஆய்வுத் திட்ட உரையையும், மாணவர்களும் மற்ற விண்ணப்பதாரர்களும் பார்க்கும்படி திறந்த அரங்கில், காணொளிப் பதிவோடு நடத்தலாம். மதிப்பெண்ணை அன்றே ஒட்டிவிடலாம். மூடிய அறையில் நடக்கும் நேர்காணலைவிட இதில் சிபாரிசுக்கு வெளிச்சம் அதிகம்.

பணம்? புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு ஆய்வு தொடங்க ரூ.10 லட்சம் தரும் திட்டத்தை மானியக் குழு 2022-ல் அறிவித்தது. நாடு முழுவதற்கும் 132 பேருக்குத்தான் அது. அதே தொகையைத் தமிழ்நாடு தன் 2,708 பேருக்கும் கொடுத்தாலும் ரூ.271 கோடியைத் தாண்டாது. தமிழும் வரலாறும் வணிகவியலும் நடத்துகிறவர்களுக்கு அவ்வளவு கருவிச் செலவு இல்லை என்பதால் உண்மைத் தொகை அதைவிட வெகுவாகக் குறையும். கோடி ரூபாய்க்கு மேல் விலை போகும் கன்ஃபோகல் நுண்ணோக்கி ஒவ்வொரு கல்லூரிக்கும் வேண்டியதில்லை. மண்டலத்துக்கு ஒன்று வைத்து, முன்பதிவு செய்து யாரும் வந்து பயன்படுத்தும்படி விட்டால் போதும். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டைக் கல்லூரிகள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளலாம். கருவியை இயக்கத் தெரிந்த ஒரு தொழில்நுட்பருக்கும் பழுதுபார்ப்பு ஒப்பந்தத்துக்கும் முதல் நாளே பணம் ஒதுக்காவிட்டால், அது மூன்றாம் ஆண்டில் உறை போர்த்தி மூலையில் நிற்கும்.

உயர்கல்வித் துறை செய்ய வேண்டியவை இவ்வளவே. ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் அறிவிக்கை. பணி ஆணையோடு ஆய்வுத் தொடக்க நிதிக்கான ஆணை. முதல் ஈராண்டுக்கு வாரம் 16 மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளுபடி, அந்த நேரத்தில் இளநிலை மாணவர்களோடு ஆய்வு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஐந்தாண்டுக்குள் இடமாற்றம் கிடையாது. கௌரவ விரிவுரையாளருக்கு மானியக் குழு சொன்ன ஊதியம். புதிய அறிவிக்கையில் தேறி வருகிறவர்கள் கல்லூரிகளில் போய்ச் சேர்வதற்குள் இந்த அரசாணை வந்தால், அவர்கள் முதல் பருவத்திலேயே வேகவதித் தண்ணீரைச் சோதிக்கத் தொடங்கிவிடலாம்.